ஆட்டம் கேட்டபடியே தோட்டத்தை மூடுவது எப்படி?

விதைப்பதற்கு எல்லோரும் நாள் பார்ப்பார்கள். பருவம் முடிந்த பாத்தியை ஒழுங்குசெய்ய யாரும் நாள் குறிப்பதில்லை. காய்ப்பு ஓய்ந்த தக்காளிச் செடி, இன்னும் நான்கு காய் தொங்குகிறது என்ற சாக்கில் வாரக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். அதற்குள் இலைப்புள்ளி நோயின் வித்துகள் மண்ணில் உதிர்ந்துவிடும், களை முற்றி விதை சிந்திவிடும், வெளியில் கிடந்த மண்வெட்டி துருவேறிவிடும். ஆனால் இதே தோட்டக்காரர் ஒரு கால்பந்து அணிக்கோ கிரிக்கெட் அணிக்கோ ரசிகராகவும் இருந்தால், அதன் அடுத்த ஆட்டம் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை அட்டவணையைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். கெடு இல்லாத வேலையைக் கெடு உள்ள ஒன்றோடு கட்டிவிட்டால் அது நடந்து முடிந்துவிடும். ஆட்டத்துக்கும் தோட்டத்துக்கும் தனித்தனியே நேரம் தேட வேண்டியதும் இராது. அதை எந்த வரிசையில், எந்த வேலையை எந்த ஆட்டத்தோடு சேர்த்துச் செய்வது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முடிவு நாளைக் குறித்துக்கொள்ளுதல்

முதலில் உங்கள் தோட்டத்துக்குப் பருவம் எப்போது முடிகிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். குளிர் மிகுந்த இடங்களில் முதல் உறைபனியே முடிவு நாள்; வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் ஒரே இரவில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பூசணி எல்லாம் கருகிவிடும், முட்டைக்கோசும் கேரட்டும் மட்டும் சற்றுத் தாக்குப்பிடிக்கும். உறைபனியே வராத இடங்களில் அந்த முடிவை வெயிலோ மழையோ செய்கிறது. பகல் வெப்பம் 35 டிகிரியை நெருங்கும்போது தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்கின்றன. தொடர்மழையில் வேர் அழுகி இலைக்கருகல் பரவுகிறது. இவற்றுள் உங்களுக்கு எது பொருந்துமோ அதன் நாளை ஏறத்தாழக் கணித்து, அணியின் ஆட்ட அட்டவணையிலேயே அதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு முன்னே ஆறு வாரத்திலும் பின்னே இரண்டு வாரத்திலும் வரும் ஆட்டங்கள்தாம் உங்கள் வேலை நாள்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு வேலைக்கு மேல் எழுத வேண்டாம். எழுதினால் இரண்டும் அரைகுறையாகும்.

கோட்டுக்கு ஆறு வாரம் முன்னதாக வரும் ஆட்டத்தின் வேலை மிகச் சிறியது, ஆனால் பலரும் தவறவிடுவது. தக்காளியில் பூ மலர்ந்து பழமாக ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். ஆகவே இந்தக் கட்டத்துக்குப் பிறகு வரும் பூக்கள் பெரும்பாலும் பழம் தரப்போவதில்லை. செடியின் நுனிக் குருத்தையும் புதிய பூங்கொத்துகளையும் கிள்ளிவிட்டால் ஏற்கெனவே இருக்கும் காய்கள் திரண்டு பழுக்கும். ஆட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் இறங்கினால் ஒரு சிறிய தோட்டத்துக்கு அது போதும்.

முடிவு நாளுக்கு முந்தைய ஆட்டத்தன்று எஞ்சிய காய்களையெல்லாம் பறித்துவிட வேண்டும். முழு வளர்ச்சி அடைந்து, வெளிறிய பச்சையாக மாறிய தக்காளிக் காய்கள் செடியை விட்டுப் பிரிந்தாலும் பழுக்கும். அதற்கு வெயிலோ வெளிச்சமோ தேவையில்லை, 18 முதல் 21 டிகிரி வரையிலான வெப்பம் போதும். ஜன்னலோரம் வரிசையாக அடுக்கிவைப்பது பார்க்க அழகுதான், பயன் அதிகம் இல்லை. ஒன்றையொன்று தொடாமல் ஒரு பெட்டியில் பரப்பி, நடுவே பழுத்த வாழைப்பழம் ஒன்றை வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பழுப்பதை விரைவுபடுத்தும். 10 டிகிரிக்குக் கீழே உள்ள குளிரில் வைத்தால் காய் பழுக்கும் தன்மையையும் சுவையையும் இழந்துவிடுகிறது என்பதால் பச்சைக் காய்களைக் குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளக் கூடாது. ஒவ்வோர் ஆட்ட நாளிலும் பெட்டியைத் திறந்து, அழுகத் தொடங்கியதை எடுத்துவிடும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் வேறு நினைவூட்டல் வேண்டியதில்லை. பூசணியைக் காம்போடு அறுத்து, காம்பைப் பிடித்துத் தூக்காமல் அடியில் ஏந்தி எடுங்கள். காம்பு முறிந்த இடத்தின் வழியாகவே அழுகல் உள்ளே புகுகிறது. வெங்காயத்தைத் தாள் சாய்ந்த பிறகு பிடுங்கி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்த வேண்டும்.

கை வேலையும் கண் வேலையும்

தொலைக்காட்சியில் பார்க்கிற ஆட்டம் தோட்டத்துக்கு உதவாது. வானொலி வர்ணனை, அல்லது கைப்பேசியில் ஒலி மட்டும் வரும் நேரலைதான் பொருத்தமானது. அப்போதும் எல்லா வேலையையும் ஆட்டம் கேட்டுக்கொண்டே செய்ய முடியாது. சருகு நறுக்குவது, தொட்டி கழுவுவது, பயற்று நெற்றை உரிப்பது போன்றவற்றில் கைகள் பழகிய தடத்தில் போகும், கவனம் வேறெங்கோ இருக்கலாம். இவை கை வேலைகள். பந்தலைப் பிரிப்பதற்கு ஏணியில் ஏறுவது, கவாத்துக் கத்தரியைத் தீட்டுவது, நோயுற்ற செடியை நல்ல செடியிலிருந்து பிரிப்பது, மருந்து கலப்பது ஆகியவை கண் வேலைகள். இவற்றை ஆட்டத்துக்கு முன்னாலோ இடைவேளையிலோதான் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி ஓவரில் ஒருவர் ஏணியின் மேல்படியில் நிற்பதை எந்த அணியின் வெற்றியும் நியாயப்படுத்தாது. காதொலிப்பான் போடுவதென்றால் ஒரு காதில் மட்டும் போடுங்கள்.

விளையாட்டுக்கு விளையாட்டு இந்தப் பங்கீடு மாறும். என் கருத்தில் தோட்டக்காரருக்கென்றே அமைந்த ஆட்டம் டெஸ்ட் கிரிக்கெட்தான். ஒரு நாளில் 90 ஓவர். இரண்டிரண்டு மணி நேரமாக மூன்று பகுதிகள். நடுவில் 40 நிமிட உணவு இடைவேளை, 20 நிமிடத் தேநீர் இடைவேளை. இரண்டு மணி நேரம் என்பது ஒரு பாத்தியை முழுமையாகக் காலிசெய்யப் போதுமான நேரம். விக்கெட் விழும்போது நிமிர்ந்து முதுகை நேராக்கிக்கொள்ளலாம். கால்பந்தில் 45 நிமிடம் இடைவிடாமல் ஓடுகிறது, கோல் எந்த நொடியிலும் விழலாம் என்பதால் அந்த நேரத்துக்குக் கை வேலை தவிர வேறு எதையும் ஒதுக்கக் கூடாது. 15 நிமிட இடைவேளையில் ஒரு சிறிய கண் வேலையை முடிக்கலாம். 20 ஓவர் ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸ் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போகிறது. ஆனால் அதில் பந்துக்குப் பந்து கவனம் இழுக்கப்படுவதால் விதை உரிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 20 நிமிடப் பாதிகள் கொண்ட கபடியும், 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்ட ஹாக்கியும் மண்ணில் கைவைக்கவே நேரம் தராதவை. அவற்றை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிறகு தோட்டத்துக்குப் போகலாம்.

பல லீக் போட்டிகளில் கடைசிச் சுற்று ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும். உலகக் கோப்பைக் கால்பந்தில் 1982இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்களுக்கு எந்த முடிவு போதும் என்று முன்கூட்டியே தெரிந்த நிலையில் ஆடிய ஆட்டம் பெரும் கண்டனத்துக்கு உள்ளானதால், 1986 முதல் ஒரு பிரிவின் இறுதி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் ஏற்பாடு வந்தது. ரசிகருக்கு அதன் விளைவு என்னவென்றால், அந்த ஒரு நாளில் மட்டும் மூன்று ஆட்டங்களுக்கு இடையே காது அலையும், கை கைப்பேசிக்கே போகும். அந்த நாளுக்குத் தொட்டி கழுவுவதைத் தவிர வேறு வேலை எழுதாதீர்கள்.

செடியை எடுப்பதும் மட்குக் குவியலும்

செடியை எடுக்கும் நாளில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்து நோயுற்ற செடிகளில் நிறத்துணி கட்டிவிடுங்கள். இது கண் வேலை. அதன்பின் வர்ணனையைக் கேட்டபடி, துணி கட்டாத செடிகளைத் தரையோடு தரையாக அறுத்தெடுக்கலாம். நலமான செடியின் வேரைப் பிடுங்க வேண்டாம். மண்ணிலேயே விட்டால் அது மட்கி, காற்றும் நீரும் இறங்கும் வழிகளை உண்டாக்கும். அவரை, பீன்ஸ், தட்டைப்பயறு ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் ஓரளவு தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கும். ஆனால் தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றில் ஒன்றிரண்டைத் தோண்டிப் பார்ப்பது அவசியம். வேரில் மணிமணியாக வீக்கம் தெரிந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு என்னும், மண்ணில் வாழும் நுண்ணிய புழுவின் வேலை. பயறு வகையின் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருந்து எளிதில் உதிரும், நூற்புழுவின் வீக்கமோ வேரோடு ஒன்றியிருக்கும். அத்தகைய வேர்களை முழுமையாகத் தோண்டி அப்புறப்படுத்த வேண்டும்.

அறுத்த செடிகளை விரல் நீளத்துக்கு நறுக்குவதைவிட ஆட்டத்துக்குப் பொருத்தமான வேலை தோட்டத்தில் வேறு இல்லை என்றே சொல்வேன். துண்டு சிறியதானால் நுண்ணுயிர்கள் தின்னப் பரப்பு அதிகமாகும், மட்குவதும் விரைவாகும். மட்குக் குவியலில் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பது உகந்தது. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, கன அளவில் உலர்ந்த சருகு இரண்டு மூன்று பங்கும் பச்சைத் தழை ஒரு பங்குமாக மாறி மாறி அடுக்கினால் ஏறக்குறைய அங்கே வந்துவிடும். பிழிந்தெடுத்த துணியின் அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். துர்நாற்றம் வந்தால் பச்சையும் ஈரமும் மிகுந்துவிட்டது என்று பொருள், சருகைச் சேருங்கள். வாரங்கள் கழிந்தும் அப்படியே கிடந்தால் ஈரமோ பச்சையோ போதவில்லை.

துணி கட்டிய செடிகள் இந்தக் குவியலுக்குள் போகக் கூடாது. குவியலின் உள்வெப்பம் 55 டிகிரிக்கு மேல் சில நாள் நீடித்தால் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் களை விதைகளும் மடியும் என்பது உண்மை. ஆனால் அதற்கு நீள அகல உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும், வெளிப்புறம் உள்ளே வருமாறு திருப்பியும் போட வேண்டும். வீட்டுத் தோட்டத்துக் குவியல்கள் பெரும்பாலும் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. வாடல் நோயும் இலைக்கருகலும் கண்ட செடிகளைப் பையில் கட்டிக் குப்பையோடு அனுப்பிவிடுவதே பாதுகாப்பு.

விதை எடுத்தல்

வார நடுவில் ஓர் ஆட்டமும் வார இறுதியில் ஓர் ஆட்டமும் வரும் வாரத்தைத் தக்காளி விதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தின்போது நன்கு கனிந்த பழங்களை வெட்டி, விதையும் சாறும் கலந்த கூழைக் கண்ணாடிக் குடுவையில் வழித்துவைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் அது நுரைத்து மேலே பூஞ்சைப் படலம் கட்டும். விதையைச் சுற்றி முளைப்பைத் தடுத்துக்கொண்டிருக்கும் வழவழப்பான உறை அந்த நொதிப்பில் கரைந்துபோகும். அடுத்த ஆட்டத்தன்று நீர் ஊற்றி அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், உள்ளீடற்ற சாவி விதை மிதந்து வெளியேறும். அதற்கு மேல் விட்டுவைத்தால் விதை குடுவைக்குள்ளேயே முளைக்கத் தொடங்கிவிடும் என்பதால், இரண்டாவது ஆட்டம் மழையால் தள்ளிப்போனாலும் அலசுவதைத் தள்ளிப்போடக் கூடாது. காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

கத்தரிக்குக் காய் நிறம் மாறி மஞ்சளாகவோ பழுப்பாகவோ முற்றியிருக்க வேண்டும். வெண்டையும் பயறு வகைகளும் செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று ஒலிக்கும் நிலையில் பறிக்கத்தக்கவை. இவற்றை உரிப்பது இரவு ஆட்டங்களுக்கு உகந்த வேலை. வேறு நேர மண்டலத்தில் நடக்கும் ஆட்டத்துக்காக விழித்திருப்பவர் ஒரு முறம் நிறைய நெற்றை உரித்துவிடலாம்.

எல்லாச் செடியிலும் விதை எடுப்பது வீண். எஃப்1 எனப்படும், இரண்டு வகைகளைக் கலந்து உண்டாக்கிய முதல் தலைமுறைக் கலப்பின வகைகளின் விதை தாய்ச் செடியைப் போல வராது. பூசணி, சுரைக்குடும்பத்தில் தேனீக்களால் ஒரே இனத்தின் வகைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அழகுக்காக வளர்க்கும் சுரை வகைகளோடு கலந்த சீமைச் சுரைக்காயின் விதையிலிருந்து வரும் காய் கசப்பாகவும் நச்சுத்தன்மை கொண்டதாகவும் இருக்கக்கூடும், கசந்தால் துப்பிவிட வேண்டும். தக்காளி, பீன்ஸ், பட்டாணி ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் தொடக்கக்காரர் அவற்றோடு நிற்கலாம். சேமிப்பில் ஈரமும் சூடுமே எதிரிகள்: சேமிக்கும் வெப்பநிலை 5 டிகிரி குறைந்தால் விதையின் ஆயுள் இருமடங்காகும், விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தாலும் அவ்வாறே என்பது விதை சேமிப்போர் பின்பற்றும் பொதுக்கணக்கு. நன்றாக உலர்ந்ததை மூடி இறுகிய குடுவையில், பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். பெயர் எழுதுவது கண் வேலை. உற்சாகத்தில் மிளகாய் உறையில் கத்தரி என்று எழுதிவிட்டால் நாற்று இலை விடும்வரை தெரியவராது.

கருவிகளும் தொட்டிகளும்

தொட்டிகளை மண் போகத் தேய்த்துக் கழுவிய பின், ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசினால் நோய்க்கிருமிகள் தங்கா. இரும்புக் கருவிகளுக்கு இது ஆகாது, அரித்துவிடும்; அவற்றின் அலகை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். துருவை எஃகு நாரால் தேய்த்து நீக்கி, எண்ணெய் தடவுங்கள். மரக் கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணி உலரும்போது தானாகவே சூடேறும், சுருட்டிப் போட்டால் தீப்பற்றவும் கூடும். ஆரவாரம் கேட்டதும் கையிலிருந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிட்டு உள்ளே ஓடுகிற ரசிகருக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிட்டு, முழுவதும் உலர்ந்த பிறகே குப்பையில் போட வேண்டும். தீட்டும் வேலையை ஆட்டம் இல்லாத நாளுக்கு விட்டுவிடுங்கள். நீர்க்குழாயை வடித்துச் சுருட்டி நிழலில் வைத்தால் போதும்.

வெறும் மண்ணை விடாதிருத்தல்

காலியான பாத்தியை வெறுமையாக விட்டால் மழை மேல்மண்ணை அரிக்கும், வெயில் அதை இறுக்கும், களை தானே வந்து இடம்பிடிக்கும். அடுத்த பருவம் தொலைவில் இருந்தால் பசுந்தாள் உரப் பயிர் விதைக்கலாம்; வெப்பமான இடத்தில் தட்டைப்பயறு, சணப்பை, தக்கைப்பூண்டு, குளிரான இடத்தில் ரை என்னும் தானியப் பயிர், பயறுக் குடும்பத்துத் தீவனச் செடியான குளோவர். எதுவாயினும் பூக்கத் தொடங்கும்போது அறுத்து மண்ணில் சேர்த்துவிட வேண்டும், விதை கட்டவிட்டால் அதுவே களையாகும். இடைவெளி குறைவென்றால் 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிப்பில் சருகு மூடாக்கு போதும். நூற்புழுவோ வாடல் நோயோ கண்ட பாத்தியை, கடும் வெயில் காலம் என்றால், நன்கு நனைத்து, நிறமற்ற பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டுவைக்கலாம். விரிப்புக்குக் கீழே ஏறும் சூடு மேலடுக்கில் உள்ள கிருமிகளைப் பெருமளவு குறைக்கும். கறுப்பு விரிப்பு களையை அடக்கும், ஆனால் மண்ணை அந்த அளவுக்குச் சுடவைக்காது. விரித்த நாளில் எந்த ஆட்டம் நடந்தது என்பதை நினைவில் வைத்தால், அதன்பின் வரும் வார இறுதி ஆட்டங்களை எண்ணியே அதை எடுக்கும் நாளை அறியலாம்.

குறிப்பேடு

எந்தப் பாத்தியில் எது இருந்தது என்பதைச் செடி எடுத்த பிறகு இரண்டு வாரத்தில் மறந்துவிடுவோம். அணி பல ஆண்டுகளுக்கு முன் தோற்ற ஆட்டத்தின் ஆட்டவீரர் பட்டியலை ஒப்பிக்கிறவருக்கும் இது பொருந்தும். ஆகவே செடிகளை எடுப்பதற்கு முந்தைய ஆட்டத்தின் இடைவேளையில் பாத்திகளின் வரைபடம் ஒன்றை வரைந்து, ஒவ்வொன்றிலும் பயிர், வகை, நோய், விளைச்சல் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம், நோய்களும் பொதுவானவை. ஓரிடத்தில் அக்குடும்பத்தில் எது இருந்தாலும் மூன்று ஆண்டுக்கு அதே குடும்பத்தை அங்கே நடாமல் இருப்பது நல்லது. இடம் அந்த அளவுக்கு இல்லாதவர், நோய் கண்ட பாத்தியிலாவது இதைக் கடைப்பிடிக்கலாம்.

ஆட்டத்தைப் பதிவுசெய்து பிறகு பார்க்க நினைப்பவர்களுக்கும் தோட்டம் பயன்படும். முடிவு காதில் விழாமல் இருக்க அதைவிட நல்ல இடம் இல்லை, கைப்பேசியை வீட்டுக்குள் விட்டுவிட்டுப் போனால். அத்தகைய நாளில் காது ஓய்ந்திருப்பதால் பந்தல் பிரிப்பது, கருவி தீட்டுவது போன்ற கண் வேலைகளை அப்போது முடித்துக்கொள்ளலாம்.

லீக் ஓய்ந்த இடைக்காலத்தில் விதைக் கணக்கைப் பாருங்கள்: வெங்காய விதை ஓராண்டுக்கு மேல் நம்பத்தக்கதல்ல, தக்காளி விதை நான்கைந்து ஆண்டு தாங்கும். ஐயமாக இருந்தால் பத்து விதையை ஈரத் துணியில் மடித்துவைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். ஆறுக்குக் குறைந்தால் புதிதாக வாங்கிவிடலாம். புதிய ஆட்ட அட்டவணை வந்ததும் நடவு நாளை முதலில் அதில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எட்டு வாரம் எண்ணி மிளகாய், கத்தரி விதைப்பையும், ஆறு வாரம் எண்ணித் தக்காளி விதைப்பையும் எழுதுங்கள். அந்த நாள்களுக்கு அருகில் எந்த ஆட்டம் வருகிறதோ அதன் இடைவேளை, நாற்றுத் தட்டு நிரப்பப் போதுமானது.